லாக் பெர்டூ உபதேசியார்

சூசைதாசனின் இடது கன்னத்தைச் சிசிலி வழித்து முடித்துவிட்டாள். வலது கன்னத்துக்கு நுரை பூசும்போது, இன்றைக்குக் கேட்காவிட்டால் இனிக் கேட்கவே கிடைக்காது என்று அவளுக்குப் பட்டது.

"உண்மையைச் சொல்லுங்கோ," என்றாள். "ஒன்பது வருசம் அந்தப் பனிக்குள்ளை போய்க் கிடந்தீங்களே. எத்தினை பேரைக் கோயிலுக்குக் கொண்டுவந்தனீங்கள்?"

சூசைதாசனுக்கு மூச்சு விடுவதே பெரும்பாடாக இருந்தது. ஈரலில் தொடங்கிய நோய் நாலு மாதத்தில் ஆளைப் பாதியாக்கி அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்தியிருந்தது. அப்படியிருந்தும் கண்ணைத் திறந்து, நல்ல கேள்வி என்பதுபோல் மனைவியைப் பார்த்தார்.

"புதுசா ஒருத்தரும் இல்லை, சிசிலி. இருந்ததுகளும் குறைஞ்சு போச்சுது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒருத்தரும் இல்லை என்பதை ஒரு மனுசன் இவ்வளவு சந்தோசமாகச் சொல்லுவானா? கோபத்தை அடக்கிக்கொண்டு சவரக்கத்தியைக் கழுவுவதற்காகப் பேசின் பக்கம் திரும்பினாள். திரும்பி வந்து பார்த்தபோது நுரைக்குள் வாய் திறந்திருந்தது. நெஞ்சு எழும்பவில்லை.

அவள் மணியை அழுத்தவில்லை. முதலில் வலது கன்னத்தை வழித்தாள். பாதி வழித்த முகத்தோடு அந்த மனுசனை ஒருத்தருக்கும் காட்ட அவளுக்கு மனமில்லை. ஈரத் துணியால் துடைத்துவிட்ட பிறகுதான் தாதியைக் கூப்பிட்டாள். அப்போதும் அவளுக்கு அழுகை வரவில்லை. அந்தப் பதில்தான் காதுக்குள் நின்றது.

சூசைதாசன் மன்னாரில் ஒரு கரையோரக் கிராமத்தின் உபதேசியாராக இருந்தவர். சுவாமியார் மாதத்துக்கு ஒருமுறை வருகிற ஊரில் செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பது, செத்தவர்களை அடக்குவது எல்லாம் அவர்தான். எண்பத்தெட்டில் மொன்றியலுக்கு வந்து, சென் லோறனில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் எட்டு வருசம் வாளிக்குக் கைபிடி மாட்டினார். தொண்ணூற்றாறாம் ஆண்டு இலையுதிர்காலம், யாரிடமும் கேட்காமல், மறைமாவட்டம் போட்டிருந்த ஒரு விளம்பரத்துக்கு எழுதிப்போட்டார். வடக்கே பதினொரு மணித்தியாலத் தூரத்தில் லாக் பெர்டூ என்று ஒரு சுரங்க ஊர். ஆயிரம் சனம்கூட இல்லை. கோயிலைப் பார்க்க ஆள் இல்லை. சுவாமியார் ஒருவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சின்ன விமானத்தில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் கோயிலைத் திறக்க, கணப்பு மூட்ட, யாராவது வந்தால் செபம் சொல்ல, சுவாமியார் அல்லாத ஒரு பொதுநிலையினர் வேண்டும்.

யாராவது வந்தால் என்பதுதான் விசயம். அந்த ஊர்ச் சனத்துக்குக் கடவுளோடு சண்டை இல்லை. வீடு மாறிப் போய்விட்ட அயலவரைப்போல அவரை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பேருந்தில் வீட்டுக்கு வருவார். கார்ட்டியர்வில் அடுக்குமாடியில் ஐந்து நாள் நின்று, குழாய் ஒழுகினால் திருத்தி, மகள் றொஷினியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய், திரும்பிப் போய்விடுவார். போகும்போது ஒவ்வொரு தரமும், "ஒருக்கா வாருமன், சிசிலி," என்பார். "ஆரும் இல்லாத இடத்துக்கு நான் என்னத்துக்கு?" என்பாள் அவள். கார்தெறி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் அறுபது பேருக்குச் சமைக்கிறவள், ஒரு கிழமை லீவு எடுத்தால் ஒன்றும் குடி முழுகிப்போயிராது. வீம்பு, வேறென்ன.

ஆனால் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து படிக்கட்டில் நிற்கும்போது பெண்டுகள் விட்டார்களா? "அண்ணை அங்கை என்ன செய்யிறார்? சனம் வருகுதோ?" முதல் வருசம் சிசிலி, "இருபது குடும்பம் மட்டிலை வருகுதாம்," என்று சொல்லிவைத்தாள். அடுத்த வருசம் அதே இருபதைச் சொல்ல வாய் கூசியது. நாற்பது என்றாள். எண்ணிக்கை என்பது ஒருக்கா வாயை விட்டு வெளிக்கிட்டால் கீழே இறங்காது. கடைசியாக அவள் சொன்னது நானூறு.

அந்த நானூறுதான் இப்போது மரண அறிவித்தலில் வந்து நின்றது. சூசைதாசனின் தம்பி கிறிஸ்தோப்பர், தமிழ்ப் பங்குச் சபைத் தலைவர், ஒலிவாங்கி இல்லாமலே கோயில் முழுக்கக் கேட்கிற குரல்காரர், அன்று பின்னேரமே எழுதிக்கொண்டு வந்து வாசித்துக் காட்டினார்: "வடதுருவப் பனிப் பிரதேசத்தில் நானூறுக்கும் மேற்பட்ட ஆன்மாக்களை ஆண்டவரிடம் அழைத்து வந்த அருட்தொண்டர்."

"வடதுருவம் இல்லை, கிறிஸ்தோப்பர்," என்றாள் சிசிலி.

"சனத்துக்கு விளங்கவேணுமே அண்ணி. மற்றபடி பிழை ஒண்டும் இல்லையே?"

"எழுத்துப்பிழை ஒண்டும் இல்லை," என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை சூசைதாசனின் உடலை மலர்ச்சாலையில் பார்வைக்கு வைத்தார்கள். பகல் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை, பிறகு ஏழிலிருந்து ஒன்பது வரை. இடையில் இரண்டு மணித்தியாலம் பூட்டிவிடுவார்கள். மொன்றியலில் அதுதான் வழக்கம். சனம் வந்தது, செபமாலை சொன்னது, சிசிலியின் கையைப் பிடித்து, "நானூறு பேர் அழுவினம் அக்கா," என்றது. அவள் தலையாட்டி ஏற்றுக்கொண்டாள்.

மூன்று மணிபோல வெள்ளைக்காரர் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருத்தி ஐம்பது வயதிருக்கும், கட்டை மயிர், பனி வழிக்கிற வண்டிக்காரர் போடுகிற தடித்த சப்பாத்து. மற்றவர் கதவு நிலையளவு உயரம், நரைத்த தாடி, தொப்பியைக் கையில் சுருட்டி வைத்திருந்தார். இருவரும் நேரே பெட்டிக்குப் போனார்கள். சிலுவை போடவில்லை, முழந்தாளிடவில்லை. தாடிக்காரர் பெட்டியின் விளிம்பை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு பின் வரிசையிலிருந்து இரண்டு கதிரைகளைத் தூக்கிவந்து, பெட்டிக்குப் பக்கத்திலே போட்டு, காவலுக்கு வந்தவர்கள்போல் இருந்துவிட்டார்கள்.

றொஷினி போய்ப் பிரெஞ்சில் கதைத்துவிட்டு வந்தாள். "லாக் பெர்டூவாலை வந்திருக்கினம், அம்மா. அவ செலீன். அவர் பற்றிக். விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டவையாம்."

கேட்டுக்கொண்டிருந்த கிறிஸ்தோப்பருக்கு முகம் மலர்ந்துபோயிற்று. "நானூறு பேரிலை ரெண்டு பேர். அண்ணி, நாளைக்குப் பூசையிலை இவையை ஒரு சாட்சி சொல்ல விடவேணும். நான் தமிழிலை மொழிபெயர்க்கிறன்."

சிசிலி அந்த இரண்டு பேரையும் பார்த்தாள். புருசன் செத்து மூன்றாம் நாள், மண்ணுக்குள் போகுமுன்னே, தன் பொய் பெட்டிக்குப் பக்கத்திலே கதிரை போட்டு இருக்கிறது. "பாவங்கள், களைச்சுப் போய் வந்ததுகள். இப்ப ஒண்டும் கேளாதை," என்றாள். அதற்குப் பிறகு இரண்டு மணித்தியாலமாக, கிறிஸ்தோப்பர் அந்தப் பக்கம் நகரும் போதெல்லாம் அவளும் ஏதாவது சாட்டில் குறுக்கே போய் நின்றாள். ஒருக்கால் கோப்பி, ஒருக்கால் பூவளையம் நேராக்க.

ஐந்து மணிக்கு மலர்ச்சாலை ஊழியர் வந்து விளக்கைக் குறைத்தார். எல்லோரும் கோட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிடப் புறப்பட்டார்கள். அந்த இரண்டு பேர் மட்டும் அசையவில்லை. ஊழியர் பணிவாக ஏதோ சொன்னார், செலீன் பணிவில்லாமல் ஏதோ திருப்பிச் சொன்னாள். றொஷினி ஓடிவந்தாள்.

"அம்மா, அவை வெளியிலை போகமாட்டினமாம். ஆர் இவரோடை நிக்கிறது எண்டு கேக்கினம்."

"நிக்கிறதெண்டா?"

"ஏழு மணி மட்டும். ஆளைத் தனிய விட்டிட்டோ போறீங்கள் எண்டு கேக்கினம்."

சிசிலி ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றாள். இந்தக் கேள்வியை இந்த மண்டபத்தில் ஒரு வெள்ளைக்காரி கேட்பாள் என்று அவள் கனவிலும் நினைத்திருக்கமாட்டாள். அறிய வேண்டும் என்ற ஆவல் அவளுக்குப் பயத்தையும் மிஞ்சி எழும்பியது. கோட்டைக் கழற்றினாள். ஊழியரிடம் போய்த் தன் கார்தெறிப் பிரெஞ்சில், நாங்கள் கொஞ்சப் பேர் சத்தமில்லாமல் இருக்கிறோம் என்று கேட்டாள். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பெருமூச்சு விட்டுச் சம்மதித்தார். மற்றச் சனம் போயிற்று. கிறிஸ்தோப்பர் மட்டும் போகவில்லை. சாட்சி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அவர் போவாரா?

"எப்ப ஞானஸ்நானம் எடுத்தவை எண்டு கேள், பிள்ளை," என்றார் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு.

றொஷினி கேட்டாள். செலீன் புருவத்தை உயர்த்தினாள்.

"பிறந்து மூண்டாம் நாளிலையாம், சித்தப்பா. அவவின்ரை அம்மா எடுப்பிச்சதாம். அதுக்குப் பிறகு கோயில் பக்கம் போகேல்லையாம்."

"சரி. அப்ப அண்ணை அங்கை போன பிறகு?"

"அதுக்குப் பிறகும் போகேல்லையாம்."

"இவர்?"

பற்றிக் தொப்பியைப் பார்த்தபடி மெல்ல ஏதோ சொன்னார். றொஷினி உதட்டைக் கடித்தாள். "கணப்பு பழுதானால் திருத்தப் போவாராம். அப்பா வரேக்கை ஞாயிற்றுக்கிழமை ஏழு கிழவியள் வாறவையாம். இப்ப மூண்டு பேராம்."

கிறிஸ்தோப்பர் அண்ணியின் பக்கம் திரும்பினார். "நானூறு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"ஓம். நான்தான் சொன்னனான். பொய்."

சொன்னதும் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தலை சுற்றவில்லை, நிலம் பிளக்கவில்லை. கிறிஸ்தோப்பர் பக்கம் பாராமல் அவள் செலீனிடமே நேராகக் கேட்டாள். பிரெஞ்சு போதாத இடத்தில் றொஷினியைப் பார்த்துத் தமிழில் முடித்தாள். "கோயிலுக்கும் வராதனீங்கள், கடவுளும் வேண்டாம் எண்டிறீங்கள். அப்ப என்னத்துக்கு நாலு மணிக்கு எழும்பி இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

செலீன் சொன்னதை றொஷினி துண்டுதுண்டாகத் தமிழாக்கினாள்.

லாக் பெர்டூவில் மலர்ச்சாலை இல்லை. யாராவது செத்தால், ஐந்து மணித்தியாலத் தூரத்து நகரத்துக்குக் கொண்டுபோக ஒரு கறுப்பு வான் வரும். அந்த வானை ஓட்டுகிறவர்தான் பற்றிக். ஆளை ஏற்றிக்கொண்டு போவார். வீட்டுச் சனம் கதவடியில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடும். அதுதான் அந்த ஊர் வழக்கம். செலீனின் தாய் செத்தது தொண்ணூற்றேழு தை மாதம். அந்த மனுசிக்குச் சுவாமிமார் என்றாலே ஆகாது. இளமையில், ஏழாவது பிள்ளைக்குப் பிறகு எட்டாவது எங்கே என்று ஒரு சுவாமியார் வீட்டுக்குள் வந்து அதட்டினாராம். செத்தாலும் அவர்கள் என்ரை படியில் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள். வான் புறப்படுகிற நேரம், கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த அந்தக் கறுப்பு மனுசன் முழங்காலளவு பனிக்குள் நடந்து வந்து பற்றிக்கின் யன்னலில் தட்டினான்.

"'இவ தனியவோ போறா?' எண்டு அப்பா கேட்டவராம்," என்றாள் றொஷினி.

செலீனுக்குப் பத்திக்கொண்டு வந்ததாம். வானுக்குள் ஏறிச் செபம் சொல்லித் தாயைக் களவாக மோட்சத்துக்கு அனுப்பப் பார்க்கிறான் என்று நினைத்தாள். ஒரு செபமும் சொல்லக்கூடாது என்றாள். சரி என்றார். சிலுவையும் போடக்கூடாது என்றாள். அதற்கும் சரி என்று சொல்லி, முன் சீட்டில் ஏறி இருந்தார். மறுநாள் பேருந்தில் திரும்பி வந்து, அவளுடைய கதவைத் தட்டி, "அம்மா பத்திரமாப் போய்ச் சேர்ந்திட்டா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம்.

அதற்குப் பிறகு வான் வருகிற நாளெல்லாம் அவர் கதவடியில் நின்றார். பற்றிக் விரல்விட்டு எண்ணாமலே சொன்னார், இருபத்தாறு தரம். அவர் மொன்றியலுக்கு வந்திருந்த நாட்களில் யாரும் செத்தால், செலீன் ஏறினாள். பிறகு பள்ளிக்கூடக் காவலாளி, பிறகு மதுச்சாலைக்காரி. இப்போது அந்த ஊரில் ஒருத்தரும் தனியப் போவதில்லை.

"அப்ப செபமே சொல்லேல்லையோ?" கிறிஸ்தோப்பருக்கு மனம் ஆறவில்லை.

பற்றிக் தலையை ஆட்டினார். செபம் என்றால் ஒரே இழுப்பாக வருமே, அது தனக்குத் தெரியும் என்றார். இது அப்படியில்லை. வான் ஓடத் தொடங்கினதும் சூசைதாசன் பின்பக்கம் திரும்பி, தன்னுடைய பாஷையில் கதைப்பார். வெளியே கையைக் காட்டி ஏதோ சொல்லுவார். ஏதோ கேட்பார், பதிலுக்குப் பொறுத்திருப்பார். சிலவேளை சிரிப்பார். ஐந்து மணித்தியாலமும் அப்படித்தான். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது, ஆனாலும் றேடியோவை நிற்பாட்டிவிடுவேன் என்றார்.

சிசிலிக்கு இது ஒன்றுதான் உண்மையில் சுட்டது. வீட்டிலே ஒரு நாளைக்குப் பத்துச் சொல் கதைத்தால் பெரிய காரியம் என்று இருந்த மனுசன். முகம் தெரியாத சுரங்கக்காரர்களின் தாய்மாருக்கு, அவர்களுக்கு விளங்காத தமிழில், ஐந்து மணித்தியாலம் கதைத்திருக்கிறான். செத்துப்போன அந்தக் கிழவிகள்மேல் அவளுக்குப் பொறாமை வந்தது. வெட்கமில்லாத, பச்சைப் பொறாமை.

"அப்பா ஏன் இப்பிடிச் செய்தவர், அம்மா?" என்று றொஷினி கேட்டாள்.

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு, இதே மாதிரி ஒரு மண்டபம் ஞாபகத்துக்கு வந்தது. தொண்ணூற்றாறு சித்திரை. சூசைதாசனின் தமக்கை திரேசம்மா இங்கே செத்தபோது, ஐந்து மணிக்கு விளக்கைக் குறைத்தார்கள். மன்னாரில் ஒரு பிரேதத்தை மண் மூடும்வரை ஒரு கணம்கூடத் தனியே விடமாட்டார்கள். சூசைதாசன் பெட்டியடியில் கதிரையைப் பிடித்துக்கொண்டு, "அக்காவைத் தனிய விட்டிட்டு நான் வரமாட்டன்," என்று அடம்பிடித்தார். ஊழியர் முகம் சுளித்தார். கிறிஸ்தோப்பர் ஒரு கையைப் பிடிக்க, "பேசாமல் வாங்கோ, சனம் பாக்குது," என்று மற்றக் கையைப் பிடித்து இழுத்து வந்தவள் சிசிலி. அன்றைக்கு அவர் உணவகத்தில் ஒன்றும் சாப்பிடவில்லை. அந்த இலையுதிர்காலமே லாக் பெர்டூவுக்குப் போய்விட்டார். அதுதான் காரணம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவளும் ஒருநாளும் கேட்டதில்லை. ஒன்பது வருசமாக மனதுக்குள் கேட்டதெல்லாம் எத்தனை பேர், எத்தனை பேர் என்பதுதான்.

கிறிஸ்தோப்பர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது ஞாபகம் வந்திருக்கவேண்டும். ஏழு மணி வரை ஐந்து பேரும் அப்படியே இருந்தார்கள்.

சனிக்கிழமை காலை பெட்டியை மூடி வெளியே கொண்டுவந்தபோது கிறிஸ்தோப்பர் கையில் தாளோடு சிசிலியை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். நித்திரை கொள்ளாத கண்.

"அண்ணி, பூசையிலை நான் என்னத்தை வாசிக்கிறது? எத்தினை பேர் எண்டு சொல்லுறது?"

"ஒருத்தரும் இல்லை எண்டு வாசி."

"சனம் சிரிக்கும், அண்ணி."

"சிரிக்கட்டும். நானூறு எண்டது சிசிலி சொன்ன பொய் எண்டும் வாசி. இருபத்தாறு பேரைத் தனிய போக விடேல்லை எண்டு வாசி. மிச்சத்தை நீயே பாத்து எழுது, உனக்குத்தான் எழுத வருமே."

அவர் பேனையை எடுத்து, மலர்ச்சாலைச் சுவரில் தாளை வைத்து, நானூறை வெட்டினார்.

வாசலில் பிரேத வண்டி நின்றது. குடும்பத்துக்கென்று பின்னால் ஒரு நீளக் கார் கதவைத் திறந்துவைத்திருந்தது. பற்றிக் வண்டியின் முன் கதவடியில் நின்று, கழுத்துப் பட்டி கட்டிய இளம் ஓட்டுநரிடம் தானும் இதே தொழில்தான், ஒரு இடம் தா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஆளுக்குத்தான் இடம் என்றான் அவன். பற்றிக் கதவைத் திறந்து காலை உள்ளே வைத்தார்.

"நில்லுங்கோ," என்றாள் சிசிலி. தமிழில்தான் சொன்னாள். "நான் ஏறுறன்."

அவர் அவளைப் பார்த்தார். காலை வெளியே எடுத்தார். சீட்டில் கிடந்த கையுறைகளை ஒதுக்கி, அவள் ஏறும்வரை முழங்கையைத் தாங்கிப் பிடித்து, சேலைத் தலைப்பு கதவில் மாட்டாமல் உள்ளே எடுத்துவிட்டு, மெதுவாகச் சாத்தினார்.

வண்டி கூவேன் வீதிக்கு இறங்கியது. இரண்டு பக்கமும் பனிக் குவியல் கரைந்து தெருவில் தண்ணீர் ஓடிற்று. றேடியோவில் யாரோ ஹொக்கி முடிவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதல் சந்தியில் சிவப்பு விளக்கு. சிசிலி இருக்கைப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு பின்பக்கம் திரும்பினாள். கண்ணாடிக்கு அப்பால் பெட்டி, அதன்மேல் வெள்ளைப் பூ. எங்கிருந்து தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இஞ்சேருங்கோ," என்று புருசனைக் கூப்பிட்டாள்.

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தாள். ஓட்டுநர் அவளை ஒருமுறை பார்த்தான். கையை நீட்டி றேடியோவை நிற்பாட்டினான். விளக்குப் பச்சையானதும் வண்டி வலப்பக்கம் திரும்பியது.